பயத்தை எதிர்கொள்வதா, ஒதுங்குவதா? ஆஸ்பெர்கர் என்று தெரிந்த பிறகு கூடும் பதற்றம் பற்றி

வந்த கேள்வியின் சுருக்கம் இது: “வயது 36. கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சமீபத்தில் மருத்துவர் ஆஸ்பெர்கர் என்று சொன்னார். காரணம் தெரிந்துவிட்டது, இனி பதற்றம் குறையும் என்று நினைத்தேன், கூடித்தான் போயிருக்கிறது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கல்யாண வீடு என்றால் முந்தின நாளே வயிற்றைக் கலக்குகிறது. பயத்தை நேருக்கு நேர் சந்தி என்கிறார் ஒருவர். உன்னை வருத்திக்கொள்ளாதே, ஒதுங்கிவிடு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? மனைவிக்கு மட்டும் தெரியும். அப்பா அம்மாவிடமும் ஆபீசிலும் சொல்லலாமா?”

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் ஒரே பதற்றத்துக்கு இரண்டும் பொருந்தாது. ஆஸ்பெர்கர் என்பது ஆட்டிசத்தின் ஒரு வகைக்கு வழங்கிவந்த பெயர்: சத்தம், மாற்றம், மற்றவர்களோடு பழகுவது போன்றவற்றை மூளை சின்ன வயதிலிருந்தே வேறு விதமாகக் கையாளும் தன்மை. உளவியலாளராக என்னிடம் வருகிற, வளர்ந்த பிறகு ஆட்டிசம் என்று தெரிந்துகொண்டவர்கள் பலரிடமும் நான் பார்ப்பது இதுதான்: இரண்டு விதமான பதற்றம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும். ஒன்று, சத்தம், வெளிச்சம், கூட்டம், திடீர் மாற்றம் எல்லாம் சேர்ந்து உடம்பின் மேல் ஏற்றும் சுமை. அதைச் சந்தித்துச் சந்தித்துப் பழக முடியாது. சூழலைத்தான் மாற்ற வேண்டும். இன்னொன்று, முன்பு பட்ட அவமானங்களிலிருந்து கற்றுக்கொண்ட பயம். அதற்கு ஒதுங்குவதுதான் தீனி. ஒதுங்க ஒதுங்க வளரும். எது எது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முன், ஏன் கூடியது என்று பார்த்துவிடலாம். ஆஸ்பெர்கர் என்று கேட்டதும் மனசு பழைய நாட்களை எல்லாம் இழுத்துப்போட்டுக் கணக்கெடுக்க ஆரம்பிக்கும். பள்ளியில் சாப்பாட்டு நேரத்தில் ஏன் தனியாக உட்கார்ந்தேன், முதல் வேலையில் அந்த மேலாளர் ஏன் அப்படிச் சிரித்தார், அக்கா கல்யாணத்தில் நான் என்ன தப்பாகப் பேசினேன்... இரவு இரண்டு மணி வரை ஓடும். கூடவே கோபமும் வரும், இதை ஏன் யாருமே சொல்லவில்லை என்று. போதாக்குறைக்கு, சத்தம் தொந்தரவு தரும் என்று படித்த பிறகு சத்தம் முன்பைவிட அதிகமாகக் கேட்கும். இது எல்லாமே நான் வழக்கமாகக் காண்பதுதான். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் அடங்கிவிடுகிறது. அதுவரை வேலையை விடுவது, ஊரை மாற்றுவது, குடும்ப விசேஷத்தில் எழுந்து அறிவிப்பது மாதிரி பெரிய முடிவு எதுவும் வேண்டாம். இந்த விஷயத்தைப் பற்றிப் படிப்பதையும் பகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மருத்துவ அறிக்கையில் ஆஸ்பெர்கர் என்ற சொல்லே இல்லாமல் ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்’ என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-லேயே ஆஸ்பெர்கரைத் தனி வகையாக வைப்பதை நிறுத்திவிட்டது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் அது தனியாக இல்லை. மருத்துவர்கள் இன்னும் வாய்வழியாக அந்தப் பெயரைச் சொல்வது, புரிய வைக்க எளிது என்பதால்தான்.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் பதற்றம் எவ்வளவு சகஜம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2019-ல் வந்தது. ஏதாவது ஒரு பதற்ற நோய் தற்போது இருப்பவர்கள் சுமார் 27 சதவீதம், வாழ்நாளில் எப்போதாவது இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம் என்றது அது. ஆக, நீங்கள் கோழை என்பதால் இது வரவில்லை.

சரி, பிரிப்பது எப்படி? நான் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்வேன். முதலாவது: அந்த இடத்தில் இருக்கும் அத்தனை பேரும் உங்கள்மேல் பிரியமானவர்கள், யாரும் உங்களை எடைபோடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கஷ்டமாக இருக்குமா? ஆம் என்றால் அது சுமை. ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் நல்லவரா கெட்டவரா என்பதில் ஒன்றும் இல்லை. கஷ்டம் காணாமல் போகிறது என்றால் அது பயம். இரண்டாவது: அதே காரியத்தை அடுத்தடுத்துச் சில முறை செய்த பிறகு லேசாகிறதா, அப்படியே இருக்கிறதா? பயம் பெரும்பாலும் குறையும். சுமை குறையாது, களைப்பு சேரச் சேரக் கூடவும் செய்யும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உடம்பு என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும். சிக்கலே அங்கேதான். தன் உணர்ச்சி இன்னது என்று பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பது ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கடினம். “எனக்குப் பதற்றமெல்லாம் இல்லை டாக்டர், வயிறுதான் சரியில்லை” என்று வருடக்கணக்கில் வயிற்று மருத்துவரிடம் நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ‘இப்போது என்ன உணர்கிறேன்’ என்று கேட்காதீர்கள். பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். தோள்பட்டை ஏறி நிற்கிறதா? பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேனா? கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தேன்? பாத்ரூம் போக வேண்டும்போல இருந்தும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனா? போனில் காலை 11, மதியம் 3, மாலை 6 என்று அலாரம் வைத்து, ஒரு வரி எழுதினால் போதும். கணக்குப் பிரிவு ஆளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, எக்செல் ஷீட்டே போட்டுவிடுவீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியும்: நெஞ்சு படபடப்பதற்கு வெகுநேரம் முன்பே தோள் ஏறிவிடுகிறது, அல்லது மதியம் சாப்பிடாமல் விட்ட நாளில்தான் மாலையில் எரிந்து விழுகிறீர்கள் என்று. அப்போது வெடிக்கும் முன்பே எழுந்து போக முடியும்.

கல்யாண வீட்டுக்கு வருவோம், அதில் இரண்டும் கலந்திருக்கிறது. வரவேற்பு மேடை பக்கத்தில் ஆளுயர ஸ்பீக்கர், லைட் மியூசிக், வீடியோக்காரர் முகத்துக்கு நேரே காட்டும் விளக்கு, சென்ட்டும் பூவும் சாம்பாரும் கலந்த வாசனை, இதற்கு நடுவே ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவது. இது சுமை. “என்ன தம்பி, ஆளே காணோம், இன்னும் அதே கம்பெனிதானா?” என்று ஒரு மாமா கேட்க, என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்போமே என்ற நடுக்கம் பயம். இரண்டுக்கும் சேர்த்து ‘போகாமலே இருந்துவிடலாம்’ என்று முடிவு செய்தால் பயத்துக்கு நன்றாகத் தீனி போட்டதாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான்.

சுமையைக் குறையுங்கள், பயத்தைச் சந்தியுங்கள். மாலை வரவேற்பை விட்டு, காலையில் கூட்டம் சேரும் முன்பே போங்கள். கெட்டிமேளம் வரும் நேரம் தெரிந்ததுதானே. அப்போது வாசல் பக்கம் வந்துவிடலாம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் காது அடைப்பானைச் சரியாக உருட்டி உள்ளே வைத்தால் சத்தம் நன்றாகவே குறையும், பேச்சும் மந்தமாகக் கேட்கும். சத்தத்தை அடக்கும் விலை உயர்ந்த ஹெட்போன், ஏசி, பஸ் எஞ்சின் மாதிரி ஒரே சீராக இரைவதற்குத்தான் நன்றாக வேலை செய்யும். குக்கர் விசிலுக்கும் ஹாரனுக்கும் அவ்வளவாக உதவாது, அதனால் பணத்தை யோசித்துச் செலவிடுங்கள். முடிந்தால் மொய் எழுதும் மேசையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு மேசை, கையில் நோட்டு, பேச வேண்டியது பெயர், ஊர், தொகை. எல்லாச் சொந்தக்காரரையும் பார்த்தாகிவிடும், யாரும் அரை நிமிஷத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள். சும்மா நிற்பதைவிட ஒரு வேலையோடு இருப்பது ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு எளிது. அந்த மாமாவின் கேள்விக்கு ஒரு பதிலும் எதிர்க்கேள்வி ஒன்றும் வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போங்கள். “ஆமாங்க மாமா, அங்கயேதான். உங்களுக்கு முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?” அதற்கு மேல் அவரே பேசிக்கொள்வார்.

பதற்றத்தைக் கிளப்புவதில் சத்தத்துக்கு அடுத்தபடி, சொல்லப்போனால் அதையும் மிஞ்சுவது, அடுத்து என்ன என்று தெரியாமல் இருப்பதுதான். தெரியாமையைத் தாங்க முடியாத தன்மைக்கும் பதற்றத்துக்கும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலுவான தொடர்பு இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இரவு எட்டு மணிக்கு மேலாளர் வாட்ஸப்பில் “நாளைக்குக் காலைல கொஞ்சம் பேசணும்” என்று போடுகிறார். அவர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நீங்கள் விடிய விடிய வேலை போய்விட்டதாகவும், வீட்டுக் கடன் தவணை நின்றுவிட்டதாகவும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். காலையில் பார்த்தால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் பற்றி ஒரு சந்தேகம். இதற்கு மூச்சுப் பயிற்சியைவிட ஒரு பதில் மெசேஜ் மேல்: “சரி சார். எதைப் பத்தின்னு சொன்னீங்கன்னா ஃபைல் எடுத்து வச்சுக்கிட்டு வந்துடறேன்.” இதில் பயந்தவன் தெரியவில்லை, தயாரானவன் தெரிகிறான். இடம் மாறும்போதும் இதே வழிதான். போகிற ஆஸ்பத்திரியின் வாசலை மேப்பில் முன்பே பார்ப்பது, ஓட்டலின் மெனுவை வீட்டிலேயே படிப்பது, விருந்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று மனைவியுடன் முன்பே பேசிவைப்பது.

ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வது தயாரிப்பு. அதையே “அவர் கோபமா இருப்பாரோ? நிஜமா இல்லைன்னு நினைக்கிறியா?” என்று மனைவியிடம் ஏழு தடவை கேட்பது பயத்தின் வேலை. ஒவ்வொரு ‘இல்லைங்க’வும் கால் மணி நேரத்துக்குத்தான் தாங்கும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கேட்கத் தோன்றும். ஒரு விஷயத்துக்கு ஒரு தடவை என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

போன் விஷயத்தில் முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். முகம் தெரியாது, குரல் விட்டு விட்டு வரும், எப்போது நாம் பேச வேண்டும் என்று பிடிபடாது. அதனால் அதில் உண்மையான சுமையும் இருக்கிறது. மெசேஜில் முடிகிற வேலையை மெசேஜில் முடிப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. மிச்சம் இருப்பதைப் படிப்படியாகப் பழகலாம். ஆளே பேசாத, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று சொல்லும் எண்ணில் ஆரம்பியுங்கள். அடுத்து, கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஒரே ஒரு கேள்வி. பிறகு கேஸ் ஏஜென்சி. கையில் ஒரு தாள்: முதல் வரியில் நுகர்வோர் எண், அடுத்த வரியில் கேட்க வேண்டிய ஒன்று, கடைசி வரியில் “சரிங்க, நன்றிங்க, வச்சிடறேன்.” அந்தக் கடைசி வரியை அலட்சியமாக நினைக்காதீர்கள். எப்படி முடிப்பது என்று தெரியாததுதான் பலருக்குப் போன் பயத்தின் பெரும்பகுதி. ஒரு படி சலிப்புத் தட்டும் வரை அதிலேயே இருந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சமூகப் பயத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு நம்பிக்கை இருக்கும்: பேச்சில் எது கோணலாகிப் போனாலும் தப்பு என்னுடையது. அதை ஆட்டம் காண வைக்கும் ஒரு சோதனையை எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டார்கள். எட்டுப் பேர் வரிசை; ஒருவர் காதில் வாங்கிய கதையை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையும், யாருக்கும் ஆட்டிசம் இல்லாத வரிசையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கதையைக் காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தன. இரண்டு தரப்பும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் தேய்ந்தது. டேமியன் மில்டன் என்ற, தானும் ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் 2012-லேயே இதைச் சொல்லிவிட்டார்: புரியாமை இரு பக்கமும் உண்டு. உங்களுக்கு அவர்களைப் புரியவில்லை; அவர்களுக்கும் உங்களைப் புரியவில்லை. பழி மட்டும் இத்தனை காலம் ஒரு பக்கமே விழுந்திருக்கிறது.

மற்றவர்களைப் போல இருக்க எடுக்கும் முயற்சியை மாஸ்கிங் என்கிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுவது, சிரிக்க வேண்டிய இடத்தைக் கணித்துச் சிரிப்பது, கையைக் காலை ஆட்டாமல் அடக்குவது. வேலையிடத்தில் ஓரளவு தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பேட்டரி செலவாகிறது என்பதை ஒப்புக்கொண்டு சார்ஜ் போட நேரம் ஒதுக்குங்கள். ஆபீஸ் விட்டு வந்ததும் அரை மணி நேரம், விளக்கைக் குறைத்து, யாரும் பேசாமல். கால் ஆட்டினால் ஆட்டட்டும். “காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது” என்று சின்ன வயதில் திட்டு வாங்கியிருப்பீர்கள். அந்த ஆட்டம்தான் உங்கள் உடம்பு தன்னைத்தானே அமர்த்திக்கொள்ளும் வழி. பழைய ரயில் டைம் டேபிளோ நாணயமோ, உங்களுக்குப் பித்துப் பிடித்த விஷயம் எதுவாக இருந்தாலும் அதற்கும் தினம் கொஞ்சம் நேரம் கொடுங்கள். மூச்சைக் கவனி என்பார்கள். சிலருக்கு அது உதவும், சிலருக்கு மூச்சைக் கவனிக்க ஆரம்பித்ததும் படபடப்பு ஏறும். ஏறினால் விட்டுவிட்டு வேக நடை, முகத்தில் குளிர்ந்த தண்ணீர், மேலே கனமான போர்வை என்று முயன்று பாருங்கள்.

உளவியலாளரிடம் போகிறீர்கள் என்றால் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்குச் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் பேச்சுச் சிகிச்சை) செய்து பழக்கம் உண்டா, முறையை எப்படி மாற்றுவீர்கள்? மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டிகள் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012-ல் தந்த வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது: விஷயத்தை எழுத்திலும் படத்திலும் தர வேண்டும், மறைமுகமாகப் பேசாமல் நேராகப் பேச வேண்டும், எண்ணத்தை மாற்றுவதைவிட நடத்தையை மாற்றுவதில் அழுத்தம் வேண்டும், நடுநடுவே இடைவேளை விட வேண்டும், அவருக்குப் பிடித்த விஷயத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவர வேண்டும். “எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்” என்று நீங்கள் சொன்னதும் அதெல்லாம் உங்கள் கற்பனை என்று மடக்குபவர் உங்களுக்குச் சரிப்பட மாட்டார். சில சமயம் அவர்கள் நிஜமாகவே பார்த்திருப்பார்கள்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. தைராய்டு கூடினாலும் ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும், அந்த ரத்தப் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். காபியையும் எண்ணிப் பாருங்கள். பதற்றம் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவர் செர்ட்ரலின், எஸிடலோப்ராம் போன்ற மருந்து தரலாம். ஆட்டிசம் உள்ள சிலருக்குப் பக்கவிளைவு சீக்கிரம் தெரியும் என்பதால் குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது. அல்ப்ரசோலம், குளோனசெபாம் வகை உடனே கேட்கும், அதனாலேயே பழக்கமாகிவிடும். பக்கத்து மெடிக்கலில் பழைய சீட்டை நீட்டி வாங்காதீர்கள்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகம். மற்றவர்களுக்குப் பாரமாக இருக்கிறோம், இல்லாமல் போனால் தேவலை என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றே மனைவியிடம் சொல்லுங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். 14416 அரசின் டெலி-மானஸ் எண். எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. போன் செய்வதே கஷ்டம் என்பவருக்கு இதைச் சொல்லும் முரண் எனக்கும் புரிகிறது. அதனால் எண்ணை அழுத்தி முதல் வரியைச் சொல்லும் பொறுப்பை மனைவியிடம் இப்போதே கொடுத்துவையுங்கள்.

ஆபீசில் பெயரைச் சொல்லாமலே தேவையைக் கேட்டு ஆரம்பியுங்கள். “வேலையை மெயிலில் கொடுத்தால் தப்பு வராது”, “பிரிண்டர் பக்கத்திலிருந்து இடம் மாற்றித் தர முடியுமா” என்று கேட்க எந்தச் சான்றிதழும் வேண்டாம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது என்பதற்காக எல்லா மேலாளரும் அதைப் படித்திருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, அதனால் எச்ஆரிடம் வாயைத் திறக்கும் முன் அங்கே மனநலக் காரணத்துக்கு லீவு எடுத்தவர்களை எப்படி நடத்தினார்கள் என்று கவனியுங்கள்.

அப்பா அம்மாவிடம் அவசரமில்லை. சொல்லும்போது பெயரில் ஆரம்பித்தால் “நல்லாத்தானே இருக்கே, உனக்கென்ன குறைச்சல்” என்பதோடு பேச்சு நின்றுவிடும், அல்லது ஜோசியர் வரை போகும். “சத்தம் ஜாஸ்தியானா எனக்குத் தலை நின்னுடும்ப்பா, அதான் விசேஷத்துல சீக்கிரம் கிளம்பிடறேன்” என்று ஒரு விஷயத்தில் ஆரம்பியுங்கள். “இதெல்லாம் எனக்கும் உண்டுடா” என்று அப்பா சொல்லக்கூடும். தட்டிக்கழிக்கிறார் என்று கோபப்பட வேண்டாம். ஆட்டிசம் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது, அவர் சொல்வது நிஜமாகவும் இருக்கலாம். அவருக்கு எப்போதிலிருந்து அப்படி, சின்ன வயதில் எப்படிச் சமாளித்தார் என்று கேளுங்கள்.